கடற்கோட்டைகளைக் காணப் படகு வேண்டும்

தேனி மாவட்டத்தில் கடல் கிடையாது. மேகமலையின் உச்சியில் ஏறி நின்றாலும் கண்ணுக்குத் தெரிவது மலையும், மேகமும், தேயிலைத் தோட்டமும்தான். அலை ஓசையைக் கேட்க வேண்டுமானால் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டும்.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குக் கடற்கரைக் கோட்டைகளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பேச்சு இருக்கிறது. மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டது அல்ல.

மேகமலை, வருசநாடு மலைகளில் பிறக்கும் வைகை, மதுரையைத் தொட்டு, ராமநாதபுரம் சீமையைக் கடந்து கிழக்குக் கடலை நோக்கிப் போகிறது. அந்த ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாடு தொல்பொருள் துறையினர் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். ரோமாபுரி நாட்டுப் பண்டங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் கப்பலின் படமே கீறப்பட்டிருந்தது. நமது வைகைக் கரையில் கப்பல் வந்து நின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மலையில் விளைந்தது கடலுக்குப் போயிற்று. கடலில் வந்தவன் அதற்குப் பொன் கொடுத்தான். பிறகு ஒரு காலம் வந்தது. கடலில் வந்தவன் கரையில் இறங்கிக் கோட்டை கட்டிக்கொண்டான்.

அந்தக் கோட்டைகளை இன்று யார் பார்க்கிறார்கள்? எப்படிப் பார்க்கிறார்கள்? எப்படிப் பார்க்க வேண்டும்? இதுதான் இன்றைய கேள்வி.

மிளகும் துணியும்

வெள்ளைக்காரர்கள் நமது கரைக்கு வந்தது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மேற்குக் கரைக்கு மிளகு வாங்க வந்தார்கள். கிழக்குக் கரைக்குத் துணி வாங்க வந்தார்கள். இங்கே வாங்கிய துணியைக் கீழைத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அவற்றை ஐரோப்பாவில் விற்றுப் பெரும் லாபம் சம்பாதித்தார்கள்.

போர்த்துக்கீசியர் முதலில் வந்தார்கள். டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டினார்கள். ஆங்கிலேயரும், டேனிஷ்காரர்களும், பிரெஞ்சுக்காரர்களும் பின்னால் வந்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. சரக்கைப் பூட்டி வைக்கக் கிடங்கு கட்டினார்கள். கிடங்கைக் காக்கச் சுவர் கட்டினார்கள். சுவரைக் காக்கப் பீரங்கி வைத்தார்கள். அதற்குக் கோட்டை என்று பெயர் வந்தது.

ஆகவே, கடற்கோட்டை என்பது ராஜாக்களின் கதை மட்டும் அல்ல. மலையில் கொடியிலிருந்து மிளகு பறித்தவனின் கதை. தறியில் உட்கார்ந்து துணி நெய்தவனின் கதை. சரக்கு மூட்டையைத் தோளில் சுமந்து படகில் ஏற்றியவனின் கதை. நமது முன்னோர்களின் வேர்வை அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூருக்கும், எங்கோ கடலோரத்தில் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டைக்கும் சம்பந்தம் உண்டு என்று நாம் சொல்வது இதனால்தான்.

வட்டக்கோட்டை சொல்லும் பாடம்

மிளகுக்காக நடந்த சண்டைகளில் ஒன்றைத் தமிழ் மக்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது 1741-ஆம் ஆண்டு குளச்சலில் நடந்தது.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. மிளகு வியாபாரம் முழுவதும் தங்களுக்கே வேண்டும் என்று டச்சுக்காரர்கள் நினைத்தார்கள். மன்னர் இணங்கவில்லை. டச்சுப் படை குளச்சல் கரையில் இறங்கியது. மன்னரின் படை அதை முறியடித்தது. கடல் தாண்டி வந்த ஐரோப்பியப் படை ஒன்று இந்திய மன்னரிடம் தோற்றது!

அந்தச் சண்டையில் பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரி ஒருவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தமது படைக்குப் பயிற்சி அளிக்கும்படி சொன்னார். டிலனாய் ஒப்புக்கொண்டார். படிப்படியாக உயர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவர் ஆனார். 1777-ஆம் ஆண்டில் இங்கேயே இறந்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. நேற்றைய எதிரியை இன்றைய ஆசிரியர் ஆக்கிக்கொண்ட மன்னரின் புத்திக்கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

டிலனாயின் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்ட கோட்டைகளில் ஒன்றுதான் கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள வட்டக்கோட்டை. பெயர்தான் வட்டம், கோட்டை சதுரம் போன்றது. முழுவதும் கருங்கல். சுமார் மூன்றரை ஏக்கர் பரப்பு. ஒரு பக்கம் கடலுக்குள்ளேயே நீண்டு நிற்கிறது. இன்று மத்திய அரசின் தொல்பொருள் துறை அதைப் பாதுகாத்து வருகிறது.

வட்டக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகலாம். காரில் போகலாம். வாசல் வழியாக உள்ளே நுழைந்து மேலே ஏறலாம். காற்று வாங்கலாம். ஆனால் அப்படிப் பார்ப்பது வீட்டின் கொல்லைப்புறத்தைப் பார்ப்பது போல! அந்தக் கோட்டையின் முகம் கடலைப் பார்த்து இருக்கிறது. எதிரியின் கப்பல் வரும் திசையை நோக்கித்தான் அதைக் கட்டினார்கள். கடலில் இருந்து பார்த்தால்தான் அந்தக் கற்சுவரின் கம்பீரம் தெரியும். அலை மோதும் சுவரை எப்படிக் கட்டினார்கள் என்ற வியப்பும் அப்போதுதான் உண்டாகும்.

இதை உணர்ந்துதான் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், கன்னியாகுமரிப் படகுத் துறையிலிருந்து வட்டக்கோட்டை வரை சுற்றுலாப் படகை விட்டது. விவேகானந்தர் பாறைக்குப் பல ஆண்டுகளாகப் படகு விட்டுப் பழகிய கழகம் அது. தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரண்டு புதிய படகுகளை இதற்குப் பயன்படுத்தினார்கள்.

இது போற்றத்தக்க முயற்சி. ஆனால் தமிழ்நாட்டின் கடற்கரை கன்னியாகுமரியோடு முடிந்துவிடவில்லை.

கரை நெடுகக் கோட்டைகள்

வடக்கே பழவேற்காடு. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் அதுவாகவே இருந்தது. இன்று கோட்டை இல்லை, மண்மேடும் புதரும்தான். டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும் பழைய சிற்பங்களோடு நிற்கின்றன. பக்கத்தில் பெரிய ஏரி. படகு அங்கே அன்றாட வாகனம்.

சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை. 1640-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். அன்று கோட்டைச் சுவருக்கு வெகு அருகில் அலை அடித்தது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது யார்? நமது மீனவர்கள்தான். அவர்கள் ஓட்டியது மசூலாப் படகு. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு பேரலை தூக்கிப் போட்டால் உடைந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும், உடையாது. கப்பலில் வந்த கவர்னராக இருந்தாலும், மசூலாப் படகுக்காரன் தயவு இல்லாமல் சென்னைக் கரையில் கால் வைக்க முடியாது. இன்று தமிழ்நாட்டின் சட்டசபையும் தலைமைச் செயலகமும் இயங்கும் இடம் அந்தக் கோட்டையே.

தெற்கே வந்தால் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டை. அதற்கும் தெற்கே கடப்பாக்கத்துக்கு அருகில் ஆலம்பரைக் கோட்டை. ஒரு காலத்தில் நாணயம் அடித்த இடம். 1750-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். மிச்சம் இருந்த சுவர்களை 2004-ஆம் ஆண்டுச் சுனாமி மேலும் சேதப்படுத்தியது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை. இதன் கதை வேடிக்கையானது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் இந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம்! ஆங்கிலேயர் நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. உழுதவனைக் கேட்கவில்லை, குடியிருந்தவனைக் கேட்கவில்லை. ஒரு குண்டு எல்லையைத் தீர்மானித்தது. அன்னிய ஆட்சி எப்படி வளர்ந்தது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தர இந்த ஒரு கதை போதும்.

பிறகு தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டாருக்கு இடம் கொடுத்தார். அவர் டேனிஷ் ராஜாவுக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் நகரில் பத்திரமாக இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1845-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை மட்டும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பக்கத்தில் 1306-ஆம் ஆண்டில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. கரையைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள்.

இப்படி ஒன்றா, இரண்டா? மல்லிப்பட்டினத்துக்கு அருகில் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் எட்டு அடுக்கோடு நிற்கிறது. கரை நெடுகச் சரித்திரம் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கடலில் இருந்து பார்க்கத்தான் வழி இல்லை.

கடலுக்குள்ளே கோட்டை

சில கோட்டைகளுக்குப் படகை விட்டால் வேறு வழியே கிடையாது. அவை கடலின் நடுவில் இருக்கின்றன.

மராட்டியத்தில் மால்வண் என்ற ஊருக்கு எதிரே கடலுக்குள் நிற்கிறது சிந்துதுர்க்கம். சிவாஜி மன்னர் 1664-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை. சுற்றிலும் உப்புத் தண்ணீர். ஆனால் கோட்டைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. பால் கிணறு, தயிர்க் கிணறு, சர்க்கரைக் கிணறு என்று அவற்றுக்குப் பெயர்! மால்வண் மக்கள் படகு ஓட்டிப் பார்வையாளர்களை அழைத்துப் போகிறார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் சிந்துதுர்க்கம் ஒன்று. நமது செஞ்சிக் கோட்டையும் ஒன்று என்பதில் நமக்குப் பெருமை.

இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஒரு கடற்கோட்டை. போர்த்துக்கீசியர் கட்டியது. 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அதை முற்றுகை இட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏன் சரண் அடைந்தார்கள் தெரியுமா? குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது! நாலு பக்கமும் தண்ணீர். நாக்கை நனைக்கத் தண்ணீர் இல்லை. பீரங்கி காப்பாற்றவில்லை, ஒரு கிணறு இருந்தால் காப்பாற்றியிருக்கும். இன்று இலங்கைக் கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. அங்கே போகவும் படகுதான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கு அப்பால் நடுக்கடலில் ஃபோர்ட் ஜெஃபர்சன் என்று ஒரு கோட்டை. ஒரு கோடியே அறுபது லட்சம் செங்கற்களால் எழுப்பினார்கள். ஆனால் கட்டி முடிக்கவே இல்லை. இன்று அது தேசியப் பூங்கா. பொதுப் படகில் போகலாம். சொந்தப் படகு உள்ளவர்களும் போகலாம். ஆனால் சொந்தப் படகுக்காரரும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பணம் இருக்கிறது, படகு இருக்கிறது என்று இஷ்டப்படி நுழைய முடியாது. இதை நாம் கவனிக்க வேண்டும்.

யாருக்குப் படகு?

வெளிநாடுகளில் சொந்தப் படகில் குடும்பத்தோடு கோட்டை கோட்டையாகப் போய் வருவது செல்வர்களின் பொழுதுபோக்கு. நமது நாட்டிலும் வசதி உள்ளவர்கள் தனிப் படகை வாடகைக்கு எடுத்துக் கடலில் உலா வருகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. சம்பாதித்தவர்கள் செலவு செய்கிறார்கள்.

ஆனால் சின்னமனூரில் கடை வைத்திருப்பவர், கூடலூரில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர், மேகமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி — இவர்களுக்குக் கோட்டையைக் கடலில் இருந்து பார்க்க ஆசை இருக்கக் கூடாதா? இவர்கள் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் டச்சுக்காரரையும் டேனிஷ்காரரையும் பார்க்க வேண்டுமா?

இன்றைய நிலை என்ன? பணம் உள்ளவனுக்குத் தனிப் படகு; எல்லா வசதியும் உண்டு. பணம் இல்லாதவன் கரையில் நிற்கிறான். அல்லது, கிடைத்த மீன்பிடிப் படகில் பத்துப் பேருக்கு இருபது பேராக ஏறுகிறான். பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. முதலாவது வழி எல்லோருக்கும் எட்டாது. இரண்டாவது வழி உயிருக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி வேண்டும். சாதாரணக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணம். சாதாரணக் குடும்பம் நம்பி ஏறக்கூடிய படகு. அந்த வழியைத் திறப்பது அரசாங்கத்தின் கடமை.

தேக்கடியை மறக்கலாமா?

படகு என்று சொன்னவுடன் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஒரு துயரச் சம்பவம் நினைவுக்கு வரும். மலைக்கு மேலே, பெரியாறு அணை தேக்கிய தண்ணீரில், 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி மாலையில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. ஜலகன்னிகா என்று அதற்குப் பெயர். இரண்டு அடுக்குப் படகு. காட்டு விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள். படகு சாய்ந்தது. 45 பேர் மாண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டினரும் உண்டு.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினம். பழவேற்காட்டில் விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சேர்ந்து சிரித்தபடி வந்த குடும்பம் சேர்ந்து வீடு திரும்பவில்லை.

2023-ஆம் ஆண்டு மே 7-ந் தேதி, கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் இன்னொரு விபத்து. மீன்பிடிப் படகை மாற்றி அமைத்து உல்லாசப் படகாக ஓட்டினார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினார்கள். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டினார்கள். 22 பேர் பலியானார்கள். பலர் குழந்தைகள்.

மூன்று விபத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் நடுக்கடலில் நடந்தவை அல்ல. புயலில் நடந்தவையும் அல்ல. கரைக்கு அருகில், உல்லாசமாகப் போனபோது நடந்தவை. அமைதியான தண்ணீர்தான் மனிதனை ஏமாற்றுகிறது. அலையைக் கண்டால் பயப்படுகிறோம். அலை இல்லாவிட்டால் பாட்டு, கூத்து, செல்போனில் படம் என்று எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேக்கடியில் கவிழ்ந்தது தனியார் படகு அல்ல. அரசு நிறுவனத்தின் படகு. ஆகவே, அரசாங்கப் படகு என்ற பெயரே பாதுகாப்பு ஆகிவிடாது. விதி வேண்டும். விதியை நிறைவேற்றும் ஆள் வேண்டும். விதிக்குக் கட்டுப்படும் பயணியும் வேண்டும். ஆற்றிலும் ஏரியிலும் ஓடும் படகுகளுக்காக 1917-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை நீக்கி, 2021-ஆம் ஆண்டில் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். பதிவு, பரிசோதனை, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் தானூர் விபத்து நடந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது; படகுத் துறையில் இருக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

லீவு நாட்களில் குழந்தை குட்டிகளோடு கடற்கரைக்குப் போகிற தாய்மார்களும் தந்தையரும் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது, லைஃப் ஜாக்கெட் என்று சொல்லும் மிதவைச் சட்டை. அது ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டால் படகில் ஏறாதீர்கள். பெரியவருக்கான சட்டை குழந்தைக்குப் பொருந்தாது; தண்ணீரில் விழுந்தால் தலை வழியாகக் கழன்று போய்விடும். குழந்தைக்குக் குழந்தை அளவில் கேளுங்கள். வாரைக் கட்டுங்கள். வேர்க்கிறது என்று நடுவழியில் கழற்றாதீர்கள். நீந்தத் தெரியும் என்ற தைரியமும் வேண்டாம். கவிழ்ந்த படகுக்கு அடியில் சிக்கினால் நீச்சல்காரனுக்கும் திக்குமுக்காடும்.

இரண்டாவது, எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கும். எழுதாவிட்டால் கேளுங்கள். "இன்னும் நாலு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொன்னால், நீங்கள் இறங்கிவிடுங்கள். டிக்கெட் பணம் போனால் சம்பாதிக்கலாம்.

மூன்றாவது, கோட்டை தெரிந்தவுடன் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் ஓடக் கூடாது. உட்கார்ந்த இடத்தில் இருந்து பாருங்கள். படகுக்காரர் படகைத் திருப்பி இரண்டு பக்கத்தாருக்கும் காட்டுவார்.

நான்காவது, பொழுது. சூரியன் மறையும் நேரத்துக்குக் கரையில் இருக்க வேண்டும். அந்திச் சூரியனைக் கடலில் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் கரையே போதும்.

ஐந்தாவது, காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் காற்றில் படகு போகலாம், எதில் போகக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். "இன்றைக்கு வேண்டாம்" என்று ஒரு மீனவர் சொன்னால், அவரிடம் வாதாடாதீர்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், படகைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கோட்டைக்கு இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குப் போகலாம். முந்நூறு, நானூறு ஆண்டுகளாக நின்ற சுவர் ஒரு வாரத்தில் ஓடிவிடாது!

என்ன செய்ய வேண்டும்?

அரசாங்கத்தை நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல.

வட்டக்கோட்டைக்குப் படகு விட்டது போல, மற்றக் கோட்டைகளுக்கும் எங்கே முடியும் என்று நிபுணர்களைக் கொண்டு ஆராய வேண்டும். பழவேற்காடு ஏரியும் ஆலம்பரைக் கழிமுகமும் ஒரு விதம். தரங்கம்பாடியில் அலை நேராக வந்து மோதும். அது வேறு விதம். முடிகிற இடத்தில் படகுத் துறை கட்ட வேண்டும். முடியாத இடத்தில் முடியாது என்று தெளிவாகப் பலகை வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் விட்டால், கள்ளத்தனமாகப் படகு ஓடும். கள்ளப் படகுதான் உயிரைக் குடிக்கும்.

படகு ஓட்டும் வேலையை அந்தந்த ஊர் மீனவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும், உரிமமும், மிதவைச் சட்டை வாங்கக் கடன் உதவியும் அளிக்க வேண்டும். மசூலாப் படகு ஓட்டிக் கவர்னர்களைக் கரை சேர்த்தவர்களின் வாரிசுகள் அவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு வெளியூர்க் கம்பெனிகளுக்கு ஏலம் விடுவது நியாயம் அல்ல. மீன்பிடி குறைந்த காலத்தில் இது அவர்களுக்கு ஒரு வரும்படியாக இருக்கும். படகில் நின்று, "இதோ பாருங்கள், இங்கேதான் பீரங்கி இருந்தது" என்று தமிழில் சொல்ல, அந்த ஊர்க்காரரைவிடத் தகுந்த ஆள் யார்?

கோட்டைகளில் குடிதண்ணீர், கழிப்பிடம், நிழல் மூன்றும் வேண்டும். கோட்டையின் கதையைப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். நேற்று எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பாட்டியும் நின்று படிக்க வேண்டும். எந்த ராஜா கட்டினான் என்பதோடு, யார் கல் சுமந்தார்கள், எந்தச் சரக்குக்காகக் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இடிந்தவற்றைக் காப்பாற்றுவதும் அவசரம். கடல் ஆண்டுதோறும் கரையைத் தின்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நேர்ந்தது மற்றவற்றுக்கும் நேரலாம். சுவரில் பெயர் கிறுக்குகிற நமது இளைஞர்களும் கடலுக்கு உதவி செய்கிறார்கள்! கிறுக்குவதற்கு வீட்டில் சிலேட்டு இருக்கிறது. கோட்டைச் சுவர் எதற்கு?

கடைசியாக, பள்ளிக் குழந்தைகள். கடற்கரை மாவட்டத்துக் குழந்தைகளை மலைக்கும், மலை மாவட்டத்துக் குழந்தைகளைக் கடலுக்கும் ஆண்டுக்கு ஒரு தடவை அழைத்துப் போக வேண்டும். படகுக் கட்டணத்தில் அவர்களுக்குச் சலுகை தர வேண்டும். மேகமலை, வருசநாடு, கம்பம், போடி பள்ளிகளின் பிள்ளைகள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். ஏலக்காய் வாசனையில் வளர்ந்த குழந்தை ஒன்று, கடலில் இருந்து அந்தக் கற்சுவரைப் பார்க்கட்டும். "நமது மலைச்சரக்கைத் தேடியா இத்தனை பேர் இத்தனை தூரம் வந்தார்கள்?" என்று கேட்கட்டும். ஆசிரியர் பதில் சொல்லட்டும். நூறு பக்கப் பாடம் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்துவிடும்.

பீரங்கி வைத்து ஜனங்களை விலக்கிய கோட்டைகள் அவை. அன்று அவற்றை நெருங்க நமது பாட்டன்மார்களுக்கு உரிமை இல்லை. இன்று அவை பொதுமக்களின் சொத்து. சொத்துக்காரன் தன் சொத்தைப் பார்க்க நல்ல படகு கேட்கிறான். பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்கிறான். இதைச் செய்து கொடுக்க அதிகாரிகள் முன்வருவார்களா?